வாயில நுழையாத பேரு

இல்லே இல்லே, எந்திரிக்காதே பெர்த்தா, நீ முட்டி போட்டபடியே இரு, நான் திரும்பிக்கிறேன். கவுன் ஓரத்தை இன்னும் கொஞ்சம் மேல மடி. தரையில புரளக்கூடாது, செருப்பு நுனி மட்டும் தெரியணும். ஆங், அப்படித்தான். சனிக்கிழமை ஆஸ்பத்திரி நிதி விருந்து. டெட்ராய்ட்ல பெரிய வீட்டுக் கண்ணு அத்தனையும் அங்கதான் இருக்கும்.

கோபமா? எனக்கா? எனக்கென்ன கோபம். நீதான் வந்ததுலேர்ந்து மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்கன்னு வாயில குண்டூசியை வச்சுக்கிட்டு முனகுறே, ஒண்ணை முழுங்கித் தொலைக்கப் போறே. போன வாரம் பனி கொட்டுச்சு. என் பட்டு நனையக்கூடாதுன்னு உன் காரைக் கொண்டாந்து வாசல் முகப்புக்குக் கீழே நிறுத்தினே. புரியுது. உனக்குக் கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது. எண்ணம்னு ஒண்ணு இருந்தாதானே கெட்டதும் நல்லதும்.

ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரியணும் உனக்கு. நீ இங்க மாடியில என் இடுப்பை அளந்துட்டு இருந்தே. கீழே கார்னீலியா வந்து இறங்கினா. அவளைத் தெரியும்ல, விருந்துல யாரு எங்க உக்காரணும்னு முடிவு பண்றவ. வாசல்ல பார்த்தா உன் காரு, எங்க கம்பெனி லாரிமர். எங்க பெரிய வண்டியோட அதே மூக்கு, அதே முகம், ஆனா குட்டி. கதவுல தங்கத்துல பி எழுத்து.

எங்க மாதிரி வீட்டுல பெரிய லாரிமர் வாங்கினா, பின்கதவுல வீட்டுப் பேரோட முதல் எழுத்தை மெல்லிசா எழுதித் தருவாங்க. எங்க பென்ஹாலோ பேருக்கு பி. கம்பெனி ஆரம்பிக்க என் மாமனார் பணம் போட்ட காலத்துலேர்ந்து எங்க கதவுல அந்த எழுத்து இருக்கு. கத்திச் சொல்ற விஷயம் இல்லே அது. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். உங்க வீட்டுப் பேரும் பி-லதான் ஆரம்பிக்குதுன்னு கார்னீலியா என்னத்தைக் கண்டா?

உள்ள வந்தவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி. நீ எவ்வளவு தைரியமா இருக்கேங்கிறா. எனக்கு ஒண்ணும் விளங்கலே, அவ போன பிறகுதான் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். பென்ஹாலோ நொடிச்சுப் போயிட்டாங்க, பெரிய வண்டியை வித்துட்டு கசாப்புக்கடைக்காரன் பொண்டாட்டி ஓட்டுற வண்டியில சுத்துறாங்கன்னு மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. சனிக்கிழமை எனக்கு எந்த இடம் தெரியுமா? தலைமேசை இல்லே. சமையலறைக் கதவுக்குப் பக்கத்துல. தட்டு தூக்கிட்டுப் போறவன் முழங்கை என் கொண்டையில இடிக்கும்.

அழாதே. பட்டுல தண்ணி பட்டா கறை விழும்.

நான் அப்பவே சொன்னேன், என் வீட்டுக்காரர் கேட்டாத்தானே. பெரிய வண்டி வாங்க இப்ப ஆள் இல்லே, சின்னதா மலிவா ஒண்ணு விட்டாத்தான் கம்பெனி பிழைக்கும்னு டைரக்டர் எல்லாரும் கை தூக்கினாங்களாம். சரி, விடுங்க, வேற பேரு வச்சு விடுங்களேன், வேற மூஞ்சி வச்சு விடுங்களேன்னேன். அந்தப் பேருக்கும் அந்த மூஞ்சிக்கும்தாண்டி கூட்டம் வருதுன்னாரு. நல்லாத்தான் வருது, இல்லேங்கலே. நீ மடிக்கிற இந்தப் பட்டே உங்களை மாதிரி ஆளுங்க வண்டி வாங்கின காசுதான்னு நேத்து சாப்பிடும்போது சிரிக்கிறாரு. எனக்குச் சோறு இறங்கலே.

என்ன? ஆமா, நீ சேர்த்து வச்சுத்தான் வாங்கினே, திருடலே. ஞாயித்துக்கிழமை அதுல ஏறி கோயிலுக்குப் போறப்ப உங்க போலந்துக்காரங்க ஹாம்ட்ராமிக் தெருவே வேடிக்கை பார்த்துச்சுன்னு சொன்னேல்ல. சந்தோஷமா இருந்திருக்கும். காரு வாங்கினதுக்குன்னு எனக்கு அந்த ஜாம் வச்சுப் பொரிச்ச பன்னுகூட கொண்டாந்தியே. என் நாய்க்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரே வாயில முழுங்கிருச்சு.

காரு வாங்கினதுகூட பரவாயில்லேம்மா. எழுத்து எதுக்கு? அன்னிக்கு அதைக் கேட்டதுக்குத்தான் நீ பல்லெல்லாம் தெரியச் சிரிச்சே. என் வீட்டுக்காரரு எழுதினதும்மா, உங்க பெரிய வண்டியில இருக்கிற எழுத்தும் அவரு கைதாம்மா, கம்பெனியில அவருதான் எழுத்து எழுதுறவருன்னே. அதான் ரெண்டும் அச்சா ஒண்ணா இருந்துச்சு! அந்த வளைவு, அந்த வால். தங்கப் பூச்சு எங்கேர்ந்துன்னு கேட்டேன். டப்பா அடியில ஒட்டினதும்மா, எப்படியும் தூக்கித்தானே போடுவாங்கன்னே. வெள்ளந்தியா சொன்னே.

இந்தப் பக்கம் ஒரு ஊசி குத்து. மடிக்கிறதை ஏன் விட்டுட்டே?

வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு பயமா? பைத்தியம். உன்னை ஏன் நிறுத்தப் போறேன்? உன்னை மாதிரி ஓரம் மடிக்க இந்த ஊர்ல எவ இருக்கா? நீ எப்பவும் போல வா. டிராம்ல வா, பின்வாசல் வழியா வா. அந்தக் காரு மட்டும் இந்தத் தெருவுக்குள்ளயே வரக்கூடாது. அப்புறம் அந்த எழுத்தை முதல்ல சுரண்டி எடுக்கச் சொல்லு உன் புருஷனை.

அவருக்கு நேரமில்லேங்கிறியா? இனிமே இருக்கும். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து வீட்டுலதான் இருப்பான்.

ஏன் அப்படிப் பார்க்கிறே? காலையில நான்தான் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். கம்பெனிப் பூச்சை எடுத்துத் தன் வண்டிக்குப் பூசிக்கிறான், பாருங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வேலை கேட்டு நூத்துக்கணக்குல வாசல்ல நிக்கிறாங்க, கம்பெனிக்கு இன்னொருத்தன் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வேற எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்கதான். திருட்டுன்னு எழுதிட்டா எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்களாமே.

ஆனா பேரு கேட்டாங்க பாரு, நல்லவேளை அதுக்கு நான் தயாரா இருந்தேன். போன வாரம் நீ கிளம்புறப்ப உன் பேரையும் வீட்டுப் பேரையும் எழுத்து எழுத்தாச் சொல்லச் சொல்லிக் கேட்டேனே. அம்மா ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டை அனுப்பப் போறாங்கன்னு நினைச்சுட்டே, இல்லே? முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு உனக்கு. இத்தனை வருஷம் பெர்த்தான்னு பழைய தையல்காரி பேரைச் சொல்லியே உன்னைக் கூப்பிட்டேன், உன் சொந்தப் பேரு என் வாயில நுழையவே இல்லே. தப்பா வேற எவனையாவது அனுப்பிடப் போறாங்கன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். கேளு. ப்ஷிபில்ஸ்கி. சரியா வருதா? ப்ஷி, பில்ஸ்கி.

சரி, திரும்பட்டுமா ப்ரோனிஸ்வாவா? பின்பக்கம் இன்னும் மடிக்கவே இல்லையே நீ.