சௌந்திரம் கேட்ட சொட்டு மருந்து

அவையை அணிசெய்யும் தலைவர் ராசப்பன் அவர்களே! சேலத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஆரோக்கியசாமி அவர்களே! மல்லசமுத்திரத்து மூத்தோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கோழிக்குஞ்சுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சின்னுசாமி உங்களை வணங்குகிறேன்.

நாளை இங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம். அதன் அருமையைப் பேச என்னை அழைத்தார்கள். அறிந்தவனையா அழைத்தார்கள்? இல்லை, இழந்தவனை அழைத்தார்கள்!

நான்காண்டுகளுக்கு முன் என் மனைவி சௌந்திரம் நாமக்கல்லிலிருந்து இருநூறு குஞ்சுகளை இறக்கினாள். முதல் வாரமே கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி போட வேண்டும் என்றாள். திருச்செங்கோடு போய், பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்து வாங்கி வரச் சொன்னாள். ஓடி விளையாடும் குஞ்சுக்கு மருந்தெதற்கு என்றேன். மறுநாளும் சொன்னாள், கடலை பிடுங்கி முடியட்டும் என்றேன். மூன்றாம் முறையும் சொன்னாள். அடுத்த வாரம் என்றேன்.

அடுத்த வாரமும் போனது, அதற்கடுத்ததும் போனது. ஐந்தாம் வாரம் வந்தது வெள்ளைக் கழிச்சல்! கழுத்துத் திருகிக் கால் இழுத்து, நான்கே நாளில் இருநூறும் மாண்டன. குழி வெட்டியவள் அவள். கொட்டிப் புதைத்தவள் அவள். கைகழுவி வந்து சொன்னாள்: “மூணு தடவ சொன்னனுங்க. ஒருக்காக்கூட நீங்க காதுல வாங்குல.”

அன்றே ஜலகண்டாபுரத்துத் தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். கோழிக்காகப் போனாளா? இல்லை ஐயா, கேளாத காதுக்காகப் போனாள்!

இரண்டாண்டு தனியே இருந்தேன். அழைத்து வர நினைப்பேன். எந்த முகத்தோடு போவது? உப்பில்லாமல் உண்டேன். ஊர்க்கோடியில் பேருந்து நின்றால் உயிர் ஓடி எட்டிப் பார்க்கும். இறங்குவோர் எல்லாம் இறங்கிய பின்னும் நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு நானே நூறு குஞ்சு இறக்கினேன். நானே பிளாஸ்கோடு போனேன். நானே நூறு குஞ்சின் கண்ணிலும் சொட்டு விட்டேன். அவ்வாண்டும் கழிச்சல் வந்தது, அக்கம்பக்கம் அழிந்தது, என் கொட்டகை பிழைத்தது! அதன்பின்தான் ஜலகண்டாபுரம் போனேன். தறிக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்தவள் நான் சொன்னதெல்லாம் கேட்டாள். பிறகு ஒன்றே கேட்டாள்:

“எட்டாம் வாரத்து ஊசி போட்டாச்சுங்களா?”

“இன்னும் ஒம்பது நாள் இருக்குது.”

“நான் வந்து போடறனுங்க.”

வந்தாள்! நான் இறக்கையை விரித்துப் பிடிக்க, நூறு குஞ்சுக்கும் அவளே ஊசி போட்டாள். குஞ்சுகள் சோர்ந்திருக்குமே என்று இரண்டு நாள் தங்கினாள். மூன்றாம் நாள் பேருந்து ஏறும்போது சொன்னாள்: “மறுக்கா குஞ்சு எறக்குனா சொல்லி உடுங்க. வாரேன்.”

அன்றிலிருந்து, அன்பர்களே, நான் குஞ்சு இறக்காத பருவமில்லை! ஒவ்வொரு முறையும் வருகிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறாள்.

நாளை என்று நாள் கடத்தாதீர்கள். வீட்டில் ஒருத்தி சொன்னால், முதல் முறையே கேளுங்கள்!

நேற்றும் நூறு குஞ்சு இறக்கியிருக்கிறேன். சொல்லியும் விட்டிருக்கிறேன். ஜலகண்டாபுரத்திலிருந்து கடைசிப் பேருந்து வரும் நேரமாயிற்று; தலைவர் என்னைப் பொறுத்தருள வேண்டும். பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் கொட்டகைகள் கலகலக்கட்டும்! வணக்கம்.