சூடு பத்தாத கிணறு

தங்கை: வால்வ மூடுறதுன்னா மூடு. எதுக்கு மிரட்டிட்டே நிக்கிற?

அண்ணன்: கிணத்த விக்கக் கையெழுத்து போட்டுக் குடுத்தா நான் ஏன் மூடப் போறேன்? கிணறு உன் பங்குதான். ஆனா வால்வு என் எல்லைக்குள்ள இருக்கு...

தங்கை: பங்கு பிரிக்கும்போது இந்த வெந்நீர் ஊத்துக் கிணத்த என் தலையில கட்டினதே நீதான். அப்ப நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

அண்ணன்: உள்ளதத்தான் சொன்னேன். இந்தத் தண்ணில ஒரு டீ கூடப் போட முடியாது. குடிக்கவும் ஆகாது.

தங்கை: டீ போட முடியாதுதான். தக்காளி காயுதே. கொட்டகைக்குள்ள போய்ப் பாரு, தட்டு தட்டா... அடியில குழாய், குழாய்க்குள்ள இந்தத் தண்ணி. விறகு கெடையாது, புகை கெடையாது. என்னையும் சேத்து அஞ்சு பொம்பளைங்க இதுல கஞ்சி குடிக்கிறோம்.

அண்ணன்: வாங்குறவங்க இங்க குளிக்கிறதுக்குன்னே ஹோட்டல் கட்டப் போறாங்க. அதுல வேலை தர மாட்டாங்களா...

தங்கை: என்ன வேலை? துண்டு மடிக்கவா?

அண்ணன்: இந்த அரைச்சூட்டுத் தண்ணியக் கட்டிட்டு எத்தன நாளைக்கு அழுவ? என் வீட்டப் பாரு. மெஷின் வாங்கிப் போட்டேன். தண்ணிய சூடாக்கி தரைக்கு அடியில குழாய்ல சுத்த விடுது. இந்தக் குளிர்ல தரை எப்படி இருக்கு தெரியுமா?

தங்கை: எப்படி இருக்கு?

அண்ணன்: வெறுங்கால்ல நடக்கலாம். சத்தம் வராது. இப்பல்லாம் கரண்டும் குடிக்கிறதில்ல. அதுக்குப் பேருதான் மெஷின்.

தங்கை: ம்... நல்ல மெஷின்.

அண்ணன்: கிண்டலா?

தங்கை: சேச்சே. கிணத்த விக்கிறதப் பத்தி அண்ணிகிட்ட சொன்னியா?

அண்ணன்: அவகிட்ட எதுக்கு... வாங்குறவங்க சாயங்காலம் வர்றாங்க.

தங்கை: இன்னைக்கேவா? வரச் சொல்லிட்டுத்தான் என்கிட்ட கேக்க வந்தியா?

அண்ணன்: ...உன் நல்லதுக்கும்தான். கடைசியா கேக்கிறேன், போடுறியா இல்லையா?

தங்கை: போட மாட்டேன்.

அண்ணன்: மூடிடுவேன்.

தங்கை: மூடு, முழுசா மூடு. அப்புறம் நேரா வீட்டுக்குப் போ. செருப்பக் கழட்டிட்டு தரையில கால வச்சுப் பாரு. உன் மெஷின் போன குளிர்லயே படுத்துடுச்சு. நீ கத்துவேன்னு அண்ணி வாயத் தொறக்கல. நீ வெளியூர் போயிருந்தப்ப, தக்காளிக்கு அடியில ஓடி முடிச்ச தண்ணிய நானும் அண்ணியும் சேந்து உன் தரைக்குத் திருப்பி விட்டோம். ம்... மூடுண்ணா.