கூட வந்தவங்க வெளியில இருங்க

என்னைப் போய் வெளியில உக்காருங்கன்னு சொல்லிட்டாங்க! என்னை! அவனுக்குத் தலைவலியா பசியான்னு மூஞ்சியைப் பாத்தே சொல்றவ நான்... கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பை இருக்கு. இது பூரா அவனோடதுதான். மாத்திரை, தண்ணி, மாத்துச் சட்டை, தொப்பி. என் தம்பிதாங்க, கூடப் பொறந்தவன். மனச்சிதைவுன்னு சொல்வாங்களே, அது. ஏழு வருஷம் ஆச்சு. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? வீட்டுக்காரருக்கா? இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன்.

முன்ன கண்ணாடிக் கடையில வேலை பாத்தான். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ச்சுப் பொருத்தறது. அவன் மாட்டிவிட்ட கண்ணாடி ஒருத்தர் மூக்குலயும் வழுக்கினது இல்லைங்க. அப்புறம்தான் இந்தக் குரல்... காதுக்குள்ள யாரோ பேசறாங்க, திட்டறாங்க, அதைச் செய் இதைச் செய்யுன்னு ஏவறாங்கன்னு. கடையை விட்டான், சாப்பாட்டை விட்டான், கடைசியில பேச்சையும் விட்டுட்டான். நான் என்ன பண்றது? அவனுக்கும் சேத்து நானே பேச ஆரம்பிச்சேன். முடி வெட்டற எடத்துல "குட்டையா வெட்டுங்க"ன்னு சொல்றது நான். பக்கத்து வீட்டுக்காரர் "எப்படிப்பா இருக்கே"ன்னா, "நல்லா இருக்கான்"னு சொல்றதும் நான். ஒரு வாயை வச்சு ரெண்டு பேருக்கு ஓட்டறேன். தொண்டை என்னத்துக்கு ஆகும்?

இந்த ஆஸ்பத்திரியில பகல் நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து விட ஆரம்பிச்சப்புறம் தேறிட்டான், இல்லைங்கல. இப்ப என்னடான்னா ஒரு வேலையே பிடிச்சு வச்சிருக்காங்க. அதே மாதிரி ஒரு கண்ணாடிக் கடை, காலையில மட்டும். ஆனா தனியா போய்த் தனியா வரணுமாம். புது டாக்டரம்மா, என் பொண்ணு வயசுதான் இருக்கும், அவனைப் பாத்து, "பஸ்ல தனியா போயிடுவீங்களா?"ன்னாங்க. "போக மாட்டான்"னேன். "டிக்கெட் கேட்டு வாங்குவீங்களா?" "வாங்க மாட்டான்." "வேலைக்குப் போக ஆசை இருக்கா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லை." உள்ளதைத்தானே சொன்னேன்?

என்ன, கையைக் காட்டறீங்க? ஃபேனா? அது ஓடாது, போன மாசமே பாத்துட்டேன். ஏன் சட்டுன்னு கையை மடக்கிட்டீங்க? சரி, கேளுங்க. அப்புறம் அந்தம்மா, "இப்பவும் குரல் ஏதாவது கேக்குதா?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள இவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டறான். ஒண்ணே ஒண்ணு கேக்குதாம். காட்டிட்டு, என்னைப் பாக்கறான்! எதுக்குங்க என்னைப் பாக்கணும்? அந்தம்மா குனிஞ்சு சிரிப்பை அடக்கிக்கிட்டு, "கூட வந்தவங்க கொஞ்சம் வெளியில இருங்க"ன்னுட்டாங்க.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. ஒரு தடவை தனியா போனவன் ரெண்டு நாள் கழிச்சு வந்தான், கால்ல செருப்பு இல்லாம. அந்த ரெண்டு நாளும் நான் ஒரு வார்த்தை பேசலைங்க. நம்ப மாட்டீங்க. பேச்சே வரலை. இப்பப் போய் தனியா அனுப்புன்னா...

சிஸ்டர்! சிஸ்டர், என் தம்பி உள்ள என்ன பண்றான்? ...போயிட்டானா? எப்ப? இந்தக் கதவு வழியாவா? என் முதுகுக்குப் பின்னாடியா?

ஏங்க, நீங்க பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் கையைக் காட்டினீங்களா? வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா? ...வாயில விரலை வச்சு உஷ்ஷுன்னுட்டுப் போனானா! திருட்டுப் பய! சரி, அதுக்கப்புறமாவது சொல்லியிருக்க... ம். உங்களைப் பேச நான் எங்க விட்டேன்.

என்ன சிஸ்டர்? "நான் வீட்டுக்குப் போறேன், அக்காவை மெதுவா வரச் சொல்லுங்க"ன்னானா? அவன் வாயாலயா? முழுசாவா?

அந்த ஜன்னல்கிட்ட கொஞ்சம் நகருங்க... அதோ. பஸ் ஸ்டாப்புல நிக்கறான். வெயில்ல, தொப்பி இல்லாம! பஸ் வந்துடுச்சு. ஏறிட்டான். படிக்கட்டுல நின்னு கண்டக்டர்கிட்ட... வாய் அசையுதுங்க. கேக்கறான். அவர் கிழிச்சுக் குடுக்கறாரு, பாருங்க! ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வேற வச்சிட்டான். என்னத்தைச் சொல்லியிருப்பான்? என்னைப் பத்தியா இருக்குமோ?

அய்யோ, வீட்டுச் சாவி என்கிட்டல்ல... இருங்க. பையில காணோமே. காலையில தொப்பியைத் தேடறேன்னு இதைப் போட்டுக் குடைஞ்சான். அப்பவே எடுத்துட்டானா!

இல்லைங்க, ஓடலை. மெதுவாத்தானே வரச் சொன்னான். அடுத்த பஸ்ல போறேன். சாவி அவன்கிட்ட இருக்கு, நான்தான் போய்க் கதவைத் தட்டணும். உள்ளேர்ந்து "யாரு"ன்னு கேப்பான், இல்லையா?

உடனே பதில் சொல்ல மாட்டேன். இன்னொரு தரம் கேக்கட்டும்.