பால்குடம் வைத்த மூடி

டீயில சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவால்ல சார், வேற வாங்கியாரச் சொல்லாதீங்க. திருவிழா கூட்டத்துல நின்னு நின்னு அந்தக் கான்ஸ்டபிளுக்கே காலு வீங்கிக் கெடக்குது. நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்ல. அவசரப்படுத்தலைன்னா வரிசையா சொல்லிடுவேன்.

என் பேரு ஹேமநாதன். பள்ளிப்பட்டு ரோட்டுல பைபர் ஷெட் வச்சிருக்கேன். பாத்ரூம் கதவு, தண்ணி டேங்க், மயில் வாகனம், எது கேட்டாலும் செஞ்சு குடுப்பேன். நீங்க கேக்கற பூபாலன் எங்க அக்கா நிர்மலாவோட வீட்டுக்காரரு. எங்க வீட்டுல அக்கா புருசனை பாவான்னுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில லுங்கித் தறி போட்டிருக்காரு. நல்ல மனுசன். அதை மொதல்ல எழுதிக்கோங்க.

பாவாவுக்கு மீன் பிடிக்கற கிறுக்கு. போன்ல எவனோ வெளிநாட்டுக்காரன் ஒத்தை ஆள் படகுல உக்காந்துகினு தூண்டில் போடறதைப் பார்த்துட்டு, மெட்ராஸ்லேர்ந்து அதே மாதிரி பழசு ஒண்ணை லாரியில ஏத்தினு வந்துட்டாரு. கயாக்குன்னு பேரு. ஒல்லியா நீளமா இருக்கும், துடுப்பு ஒண்ணுதான். திருத்தணியில மலை இருக்கு, படி இருக்கு, குரங்கு இருக்கு. படகு விடற அளவுக்குத் தண்ணி, மழை பேஞ்ச வருசத்துல ஏதாவது ஏரியில இருந்தா உண்டு. அதெல்லாம் நான் கேக்கலை. படகு என் ஷெட்டுல வந்து எறங்குச்சு.

"டேய் ஹேமா, இது மொட்டையா இருக்குடா. எனக்குத் தோதா பெட்டி கிட்டி வச்சுக் குடு"ன்னாரு.

மொதல்ல தூண்டில் குச்சி நிக்கறதுக்கு ரெண்டு குழாய் கேட்டாரு. வச்சேன். அப்புறம் மண்புழு டப்பா. அது பின்னாடி இருக்கணும், விபூதி டப்பா முன்னாடி இருக்கணும், ரெண்டும் ஒரே மூடிக்குள்ள வரக்கூடாதுன்னாரு. நியாயந்தானே, தனித்தனியா மோல்டு எடுத்து, பைபர் நார் மேட்டு போட்டு, ரெசின் ஊத்திச் செஞ்சேன். அப்புறம் டிபன் கேரியருக்கு ஒரு குழி. குழி வச்சதும் படகு இடது பக்கம் சாஞ்சுது. அதைச் சரிக்கட்ட வலது பக்கம் ஒரு பெட்டி வச்சேன். சும்மா காலியாவா வுடறதுன்னு பாட்டுப் பெட்டியை அதுல வச்சாரு. இப்ப வலது பக்கம் சாஞ்சுது. இப்படியே போச்சு சார். கடைசியில அந்தப் படகுல இருந்த மூடிங்க எங்க தெருவுல இருக்கற வீட்டுக் கதவுங்களைவிட அதிகம்.

நான் கோவப்படலை. அதை நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. பாவா கிண்டல் பேர்வழி, அவ்ளோதான். அக்கா வீட்டு மாடியில நான் செஞ்சு வச்ச டேங்க்கு கழுத்துல லேசா கசியும். யாரு வீட்டுக்கு வந்தாலும் சொம்புல தண்ணி குடுத்து, "குடிங்க, குடிங்க, ஹேமநாதன் தீர்த்தம்"ன்னுவாரு. என் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பவும் சொன்னாரு. பொண்ணு வீட்டுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்த இடம் அமையலை. அது வேற காரணமாக்கூட இருக்கலாம்.

போன வருசம் பாவாவுக்கு நெஞ்சு அடைச்சு ஸ்டென்ட்டு வச்சாங்க. அக்கா ஆடிப்போச்சு. "முருகா, என் தாலியைக் காப்பாத்து, ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கறேன்"ன்னு வேண்டிக்கிச்சு. ஒரு மண்டலம் வெரதம். ரெண்டு பேரும் மாலை போட்டாங்க. வெரதம் முடியற வரைக்கும் குடும்பத்துல ஒருத்தர் கவுச்சியைத் தொட்டாலும் வேண்டுதல் வீண், பாவா உசுருக்கு ஆவாதுன்னு அக்கா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிச்சு. அக்காவுக்கு அந்தப் பால்குடம் விளையாட்டு இல்ல சார். புருசன் உசுரையே அதுல ஊத்தி வச்சிருந்துச்சு.

பாவா மாலையைக் கழட்டி விபூதி டப்பாவுல வச்சுட்டு மீன் பிடிக்கப் போயிகினு இருந்தாரு.

என்கிட்ட வந்து, "ஹேமா, பின்னாடி பெருசா ஒரு பெட்டி வை. மீனைப் போட்டு மூடினா கவுச்சி ஒரு பொட்டு வெளிய வரக்கூடாது. தெருவுல எவளாவது மூக்கைச் சுளிச்சா உங்கக்கா காதுக்குப் போயிடும். உன் வேலைதான் ஒழுகற வேலையாச்சே, முடியுமா?"ன்னாரு.

முடியும்னேன். மீனு எவ்ளோ பெருசுன்னு கேட்டேன். கையை விரிச்சுக் காட்டினாரு. ஒவ்வொரு தடவை வரும்போதும் கை இன்னும் கொஞ்சம் விரியும். நானும் பெட்டியைப் பெருசாக்கிகினே வந்தேன். படகு மேல பீரோவைப் படுக்க வச்ச மாதிரி ஆயிடுச்சு. வாய் சுத்தி லாரிக் கதவு ரப்பரு ஒட்டி, நாலு பக்கமும் கொக்கி வச்சேன். மூடிக்கு வெள்ளை ஜெல்கோட்டுப் பூச்சு, பாலீஷ் போட்டு முகம் பார்க்கலாம். சார், தற்பெருமை இல்ல, அந்த மூடி என் கையாலதான் வந்துச்சான்னு எனக்கே நம்ப முடியலை.

கிருத்திகை அன்னிக்குக் காலையில பாவா ஏரிலேர்ந்து நேரா ஷெட்டுக்கு வந்தாரு. ஈரச் சாக்குல ஒரு விரால், உசுரோட. சாக்கோட பெட்டியில போட்டு மூடிட்டு மோந்து பார்த்தாரு. "வருதுடா"ன்னாரு. வரலைன்னேன். "எனக்கு வருது. டேங்க்கு மாதிரி இதுலயும் தீர்த்தம் வுட்டிருக்க"ன்னாரு.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. டேங்க்கு செஞ்சா ஒருத்தன் உள்ள எறங்குவான், மூடி போட்டுடுவோம். உள்ள இருட்டுல உக்காந்து பார்த்தா ஊசி முனை ஓட்டைன்னாலும் வெளிச்சம் காட்டிக் குடுத்துடும். பார்த்து முடிச்சதும் உள்ளேர்ந்து ரெண்டு தட்டு தட்டணும். வெளிய இருக்கறவன் கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு வந்து திறக்கணும். எப்பவும் நான்தான் எறங்குவேன். அன்னிக்கு பாவா, "உன் கண்ணை நான் நம்ப மாட்டேன், நகரு"ன்னு அவரே எறங்கிப் படுத்தாரு. ஒல்லி ஒடம்பு. விராலைக் காலுகிட்ட நகத்தி வச்சுக்கினாரு. நான் மூடிக் கொக்கி போட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஆட்டோவுல வந்து எறங்குச்சு. மஞ்சப் புடவை, மடியில பால்குடம். இதுக்கு மேல வண்டியை வுட மாட்றாங்க, இங்கேர்ந்து நடந்தே போலாம்னுச்சு. முகம் கழுவணும், குடத்தை எங்க வைக்கறதுன்னு சுத்தி முத்தி பார்த்துச்சு. பால்குடத்தைத் தரையில வைக்கக்கூடாது, உங்களுக்கே தெரியும். ஷெட்டு பூரா ரெசின் பிசுக்கு. சுத்தமா, உயரமா இருந்தது அந்த மூடி ஒண்ணுதான். வேப்பிலையைப் பரப்பி, குடத்தை அது மேல வச்சுச்சு.

"உங்க பாவா எங்கடா?"ன்னு கேட்டுச்சு.

"முன்னாடியே மலைக்குப் போயிட்டாரு"ன்னேன்.

அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இந்த வெரதத்துல அவரு எவ்ளோ சுத்தமா இருந்தாரு தெரியுமா? ஒரு நாள் கவுச்சின்னு வாயில வரலைடா"ன்னுச்சு.

அப்ப ரெண்டு தட்டு கேட்டுச்சு. எனக்குத்தான் கேட்டுச்சு. ரோட்டுல மைக் செட்டு, அரோகரா சத்தம். ஆனா குடத்துல பால் தளும்புச்சு. அக்கா அதைப் பார்த்து, "ஐயோ, பாருடா, முருகன் வந்துட்டான்"னு கன்னத்துல போட்டுக்கிச்சு. என்னையும் கும்புடச் சொல்லுச்சு. கும்பிட்டேன். பாலு நல்லாவே ஆடுச்சு.

அக்கா பின்னாடி கொழாய்க்கு முகம் கழுவப் போச்சு. நான் திறக்கத்தான் போனேன், அதையும் எழுதிக்கோங்க. குடத்தை ரெண்டு கையால தூக்கிட்டேன். தூக்கினப்புறந்தான் பார்த்தேன், கீழ வைக்க எடம் இல்ல. ரெண்டு கையும் நெறஞ்சு இருந்தா கொக்கியை எப்படிக் கழட்டறது? கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். பாரமா இருந்துச்சு. திரும்ப மூடி மேலயே வச்சுட்டேன்.

அக்கா வந்து குடத்தைத் தலையில ஏத்திக்கினு ரோட்டுக்கு நடந்துச்சு. அப்ப மூடி மேல ஒண்ணும் இல்லை. அப்ப திறந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. காத்து ரோட்டுப் பக்கமா அடிச்சுகினு இருந்துச்சு சார். திறந்தா கவுச்சி நேரா அக்கா மேல போவும். தலையில பால், ஒரு மண்டல வெரதம், பாவா உசுருக்கான வேண்டுதல். ஒரு விநாடியில எல்லாம் பாழ். பாவா உசுரை நெனச்சுத்தான் நான் திறக்கலை. தட்டறது அப்ப கொஞ்சம் மெதுவா ஆயிருந்துச்சு. நான் மூடியோரமா மூக்கை வச்சு சுத்தி வந்தேன். ஒரு பொட்டு வாசனை இல்ல. லாரி ரப்பரு சும்மா சொல்லக்கூடாது.

அப்புறம் ஓடிப்போய் அக்காவோட சேர்ந்துக்கினேன். மலையில செம கூட்டம். அக்கா அபிஷேகத்துக்குப் பாலைக் குடுத்துட்டு, "அவரு நூறு வயசு இருக்கணும்"னு வாய்விட்டு அழுதுச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு. கூட்டத்துல பாவாவைத் தேடினோம். எறங்கி வந்ததும் அக்கா எலை போட்டுச் சாப்பிட்டு வெரதத்தை முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்தேன். அது முடிஞ்சதும் ஒரு நிமிசம் கூடத் தாமதிக்கலை, ஷெட்டுக்கு வந்து திறந்துட்டேன்.

விரால் உசுரோட இருந்துச்சு சார். ஈரச் சாக்குல அது தாங்கும். தொட்டியில வுட்டிருக்கேன், யாரையாவது தண்ணி மாத்தச் சொல்லுங்க. பாவா மூடியைப் பார்த்தபடியே படுத்திருந்தாரு. உள்பக்கம் ஜெல்கோட்டு பூரா நகக்கீறல். ஆனா எந்த எடத்துலயும் விரிசல் இல்ல. நான்தான் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணேன். நான்தான் மூடினேன், நான்தான் திறக்கலை. அதுல எனக்கு மறுப்பு எதுவும் இல்ல.

என்ன சார்?

அக்கா அதைச் சொல்லிச்சா? எப்ப, காலையிலயா? பாவம், அழுதுகினே சொல்லியிருக்கும்.

ஆங், வாஸ்தவம். கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து அக்காவுக்கு மூக்குல எந்த வாசனையும் தெரியாது. பக்கத்துல குப்பை எரிஞ்சாலும் தெரியாது. வேலூருக்கு டாக்டர்கிட்ட கூட்டினு போனவனே நான்தான். அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டேன்னு எழுதிக்கோங்க.