மருமகனின் முழுக்கால் சட்டை

காரைக்காலிலிருந்து பேரளம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். துருக்கித் தொப்பி போட்டிருந்த பெரியவர் கையில் கடிதம் ஒன்று இருந்தது. "மச்சான், நம்ம மருமவனுக்கு முழுக்கால் சட்டை வந்துடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

மச்சான் விழித்தார். "சைகோன்ல டென்னிஸ் ஆடியே பொழைக்கிறவரு. அவருக்கு எதுக்குங்க முழுக்கால் சட்டை?"

"இனிமே ஆட மாட்டாரு. டென்னிஸ் சங்கத்துக்கே செகரட்டரியா போட்டுட்டாங்க. போட்டி நடத்துறது, ஆளைப் பொறுக்குறது எல்லாம் இவருதான். நாற்காலியில உக்காந்து பாக்குற வேலை."

"அப்பாடா! முட்டி தெரிய ஆடுறவருக்குப் பொண்ணைக் குடுத்துட்டீங்களேன்னு ஜமாத்துல எத்தனை பேரு கேட்டாங்க!"

"எட்டு வருஷமா அவங்க முன்னாடி நான் வாயே தொறக்கல."

"அவரு அரைக்கால் சட்டையோட பேப்பர்ல வந்த அந்தப் படத்தை மொதல்ல கிழிச்சுப் போடுங்க."

"கிழிக்கிறதா? கோப்பையோட நிக்கிற படம்ல!" பெரியவர் மணிபர்ஸைத் திறந்தார். "இடுப்புக்குக் கீழ தெரியாம மடிச்சுவச்சு, பாக்குறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டுல்ல இருக்கேன்."

மடிப்பில் நைந்திருந்த காகிதத்தை முழுசாக விரித்து, தொடைமேல் வைத்து நீவினார்.

"இந்தக் கால் என்ன ஓட்டம் ஓடியிருக்கு, பாருங்க மச்சான்!"