பென்சிலில் வரைந்த அவுட்புட்

நாவலூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே பள்ளியில் பிளஸ் டூ படித்தவர்களாம். ஒருத்தி துப்புரவு வேலைக்கான நீலச் சட்டையில் இருந்தாள்.

“ஸ்கூல்ல நான் கீபோர்ட தொட்டதே இல்லடி,” என்றாள் நீலச் சட்டைக்காரி.

“இன்னாடி சொல்ற? கம்ப்யூட்டர் குரூப்புனு எவ்ளோ பீத்திகினு திரிஞ்ச! பிராக்டிகல்ல அம்பதுக்கு அம்பது வேற!”

“ஸ்கிரீன்ல வரவேண்டிய அவுட்புட்ட ரெக்கார்டு நோட்டுல பென்சில்ல வரைஞ்சேன். அதுக்குப் போட்ட மார்க்கு. லேப்ல செருப்ப கழட்டிட்டு, கைய கட்டிகினு நிப்போம். தொட்டா கெட்டுப் பூடும்னு மிஸ்ஸு கம்ப்யூட்டர் மேல போட்ட உறையே எடுக்க மாட்டாங்க.”

“இப்போ ஐடி கம்பெனிலதான கீற?”

“ஆமா. தெனம் காலைல அத்தினி கீபோர்டையும் நான்தான் தொடைக்கிறேன். ‘ஆன் பண்ணிடாத, கெட்டுப் பூடும்’னு சூப்பர்வைசர் பின்னாலயே நிக்கறாரு.”