வள்ளிக்கு மட்டும் மாவு

இங்கே காலையில் கொடுக்கும் கேப்பைக் களியைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உள்ளே வந்த இந்த ஒரு மாதத்தில் உடம்பு தேறியிருக்கிறது. பழைய வயிற்றெரிச்சல்கூட நின்றுவிட்டது. தவிடு நீக்காத தானியத்துக்கு அந்தக் குணம் உண்டு. இது எனக்கு முன்பே தெரியும் என்பதைத்தான் நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் ஞானவேல். பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் பதினோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். மாத்திரை கொடுப்பது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, பேறுகாலம் பார்ப்பது எல்லாம் என் வேலை. மிளகு பறிக்க வரும் மலைச்சனங்கள் வள்ளிக்கிழங்கும் சாமைக் கஞ்சியும் தேனும் தின்று திடமாகவே இருந்தார்கள். என்னிடம் அதிகம் வரமாட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் மானக்குறைவாகவே இருந்தது.

1959-இல் மதுரையிலிருந்து ஒரு சத்துமாவுக் கம்பெனியின் ஆள் வந்தார். பெரியவர்களுக்கு விற்கும் மாவு அது. பச்சைப்பிள்ளைகளுக்கும் தாய்ப்பாலைவிட அது உசத்தி என்று ஆறு மாதம் எடை பார்த்து எழுதிக் காட்டினால் மதுரை ஆபீசில் எனக்கு வேலை என்றார். மலையை விட்டு இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. டப்பாவின் அடியில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும்.

அந்த ஆவணியில், மிளகு பறிக்க வரும் மலைச்சனங்களில் ஒருத்தியான பெத்தம்மாளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. பையனுக்கு மயில்சாமி, பெண்ணுக்கு வள்ளி என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதாக எதுவும் அமையாது. மயில்சாமிக்குத் தாய்ப்பால், வள்ளிக்கு மாவு மட்டும் என்று பிரித்தேன். பெண் என்பதால் அப்படிச் செய்ததாக எழுத வேண்டாம். இருவரில் அவள்தான் கால் ராத்தல் கூடுதல் எடை. மாவு ஜெயிக்க அது உதவும் என்று கணக்குப் போட்டேன்.

"ரெண்டுக்கும் பால் ஊறுதுங்க ஐயா. எதுக்குங்க இது?" என்றாள் பெத்தம்மாள்.

"ரெண்டுக்கும் குடுத்தா ரெண்டும் நோஞ்சானாப் போயிரும்மா," என்றேன்.

மலைச்சனங்களுக்குக் கையெழுத்துப் பழக்கம் இல்லை. ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார்கள். ஓடைக்கரையில் அவர்கள் கும்பிடும் கல்லைத் தொட்டு, வள்ளிக்குப் பால் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள். அந்தக் கல்லின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவளுக்கு இருந்தது, அது எனக்குப் போதும்.

வாராவாரம் காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் இருவரையும் நிறுத்தேன். இரண்டாம் மாதம் மயில்சாமி தராசில் கிடந்து கால் உதைத்தான். வள்ளி உதைக்கவில்லை. தோல் தளர்ந்து, முகம் கிழவி முகம்போல் ஆகிவிட்டது. பஜாரில் கடை வைத்திருக்கும் முத்து முகம்மது பாய் ஒருநாள் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கம்பவுண்டரே, ஒங்க மகளுக்கு எந்த டப்பா வாங்குனீங்க? எங்கடையில வாங்குனதா ஞாபகம் இல்லையே."

"அவளுக்கு அவ அம்மா பாலு இருந்துச்சு பாய்."

"அப்ப இந்தப் புள்ளைக்கு இல்லையா?"

வேலை இருக்கிறது என்று திரும்பி நடந்தேன். அந்த வாரம் நோட்டில் இருவர் எடையையும் இடம் மாற்றி எழுதினேன். அடுத்த வாரங்களிலும் அப்படியே எழுதினேன்.

நிறுத்தியிருக்கலாம். வள்ளிக்கும் பால் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். தினமும் அதைச் சொல்லிவிடுவது என்றுதான் பெத்தம்மாளின் குடிசைக்குப் போவேன். மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். நெஞ்சு அறுத்தது உண்மை. அதற்காகக் கை ஒருநாளும் நிற்கவில்லை என்பதும் உண்மை.

கார்த்திகையில் வள்ளி இறந்தாள். பெத்தம்மாள் என் காலில் விழுந்தாள்.

"சத்தியத்த மீறிட்டேங்க ஐயா. அவ அழுகுறப்ப மனசு கேக்காம நாலஞ்சு தடவ பால் குடுத்துட்டேங்க. அதான் சாமி எம்புள்ளைய எடுத்துக்கிருச்சு."

அந்த நாலைந்து தடவைதான் பிள்ளையைக் கார்த்திகை வரைக்கும் வைத்திருந்தது. நான் சொன்னது வேறு.

"ஆமா பெத்தம்மா. மாவோட பால் சேரக்கூடாது. ஒன் பாலுதான் புள்ளைய முறிச்சிருச்சு."

அவள் புருஷன் மாயன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு வெகுநாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மதுரை வேலையும் கிடைக்கவில்லை. கம்பெனியையே மூடிவிட்டார்கள். மீதி டப்பாக்கள் என் அலமாரியில் கிடந்தன.

மூன்றாம் வருஷம் பெத்தம்மாளுக்குப் பழனியம்மாள் பிறந்தாள். மாயன் தேனெடுக்கப் போயிருந்த சமயம், பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே தூக்கிக்கொண்டு மருந்தறைக்கு வந்துவிட்டாள். மார்பைச் சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். துணி முழுக்க நனைந்திருந்தது.

"இவளுக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலங்க ஐயா," என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை. "வெரசா அந்த மாவக் குடுங்க. புள்ளைக்குப் பசிக்குது."

எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தோராம் நாள் பழனியம்மாள் இறந்தாள். முத்து முகம்மது பாய்தான் பெத்தம்மாளின் குடிசையில் கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டு பிள்ளைகளையும் கொன்றது நான்தான். யாரும் அடித்துக் கேட்காமல் நானாகவே இதைச் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது தடவை டப்பாவை நீட்டியது வேலைக்கு ஆசைப்பட்டு அல்ல, அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பால் கொடு என்று அன்று சொல்லியிருந்தால், வள்ளி எதனால் செத்தாள் என்று பெத்தம்மாளுக்குத் தெரிந்துபோயிருக்கும். பெற்றவள் அதைத் தாங்குவாளா? அவளை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.